நிரூபிக்க வேண்டியது யார்? ஏஜென்ட் ஒரேஞ்சும் ஒரு நீண்ட கோப்புச் சண்டையும்

1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானப்படை தென் வியட்நாமின் காடுகளிலும் வயல்களிலும் 70 மில்லியன் லீற்றருக்கும் அதிகமான களைநாசினியைத் தெளித்தது. மறைந்திருக்கும் கெரில்லாக்களுக்கு மரநிழலும் சோறும் இல்லாமல் செய்வதே நோக்கம். அதில் பாதிக்கு மேல், பீப்பாய்களில் செம்மஞ்சள் பட்டி போட்டு வந்த ஏஜென்ட் ஒரேஞ்ச். அதற்குள் டயொக்சின் என்ற கொடிய நஞ்சு கலந்திருந்தது.

தெளித்த நாட்டின் சிப்பாய்களும் அந்தக் காட்டுக்குள்தான் நடந்தார்கள், அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். வீடு திரும்பிச் சில ஆண்டுகளில் இளவயதிலேயே புற்றுநோய் வந்தவர்கள் அரசிடம் இயலாமைக் கொடுப்பனவு கேட்டார்கள். அரசு இல்லை என்றது.

ஆக்கிரமிக்கப் போன படையின் சிப்பாய்க்கு நாங்கள் ஏன் பரிதாபப்பட வேணும் எண்டு சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இதைப் பரிதாபத்துக்காக எழுதவில்லை. ஒரு அரசிடம் 'என் உடம்புக்கு நீ பொறுப்பு' என்று சொல்லி வெல்வது எப்படி என்பதற்கு இது நல்ல பாடம். அதனால்தான் எழுதுகிறோம்.

அமெரிக்க முறையில் கொடுப்பனவுக்கு மூன்று விடயம் காட்ட வேண்டும். இப்போது ஒரு நோய் இருக்கிறது; சேவையில் இருந்தபோது ஏதோ நடந்தது; இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு. முதலாவதுக்கு வைத்தியரின் அறிக்கை போதும். இரண்டாவதுக்குச் சேவைப் பதிவுகளும் கூட இருந்த தோழரின் கடிதமும் உதவும். சிக்கல் மூன்றாவதில். எந்த நாள், எந்த விமானம், எவ்வளவு மருந்து உன்மேல் விழுந்தது எண்டு கேட்டால், காட்டுக்குள் நின்ற 19 வயதுப் பெடியன் எதைக் காட்டுவான்? பதிவேடு அவனிடம் இல்லை. அது அரசிடம் இருந்தது.

1977 இல் சிக்காகோவில் முன்னாள் படையினர் நிர்வாகத்தின் அலுவலகத்தில் வேலை செய்த மோட் டிவிக்டர் என்ற பெண், ஒரே மாதிரியான நோய்க் கதைகள் தன் மேசைக்கு வருவதைக் கவனித்துக் குறித்து வைக்கத் தொடங்கினார். அவர் சேர்த்த தகவல்கள் 1978 இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியாக வந்தபோதுதான் நாடு முழுதும் விடயம் கதைபட்டது. தனித்தனியாக நோயோடு கிடந்தவர்கள், தாங்கள் ஒரு கூட்டம் என்று அப்போதுதான் அறிந்தார்கள்.

மருந்தைத் தயாரித்த டௌ, மொன்சான்டோ முதலிய கொம்பனிகள் மீது வழக்குப் போட்டார்கள். 1984 மே 7 அன்று, விசாரணை தொடங்க இருந்த நாளின் அதிகாலையில், 180 மில்லியன் டொலருக்குச் சமரசம் ஆனது. பெரிய தொகைபோலத் தெரியும். சுமார் 52,000 பேருக்குப் பிரித்தபோது சராசரியாக ஆளுக்கு 3,800 டொலர் வந்தது. கொம்பனிகள் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளவில்லை.

அரசோடு மோதுவது இன்னும் கஷ்டம். 1864 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, இப்படியான கோரிக்கைக்குச் சட்டத்தரணி 10 டொலருக்கு மேல் வாங்கக் கூடாது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் முன்னாள் சிப்பாய்களை ஏமாற்றாமல் இருக்கப் போட்ட விதி, 1980களில் அவர்களுக்குச் சட்டத்தரணியே கிடைக்காமல் செய்தது. கோரிக்கை மறுக்கப்பட்டால் அதை மீளாய்வு செய்யத் தனி நீதிமன்றமும் 1988 வரை இல்லை. சங்கங்களின் தொண்டு அலுவலர்கள்தான் படிவம் நிரப்பி, கடிதம் சேர்த்து, இலவசமாக உதவினார்கள்.

1985 இல் நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது: முகப்பரு போன்ற ஒரு தோல்நோய்க்கு மட்டுமே ஏஜென்ட் ஒரேஞ்சோடு தொடர்பு உண்டு, மற்றதெல்லாம் இல்லை. இதை எதிர்த்து 1986 இல் தொடரப்பட்டதுதான் நேமர் வழக்கு. 1989 இல் நீதிபதி தெல்டன் ஹென்டர்சன் அந்த விதியைச் செல்லாது என்றார். மருந்துதான் நோயை உண்டாக்கியது என்ற உறுதியான நிரூபணத்தை நிர்வாகம் கேட்டது பிழை. புள்ளிவிபரத் தொடர்பு தெரிந்தால் போதும். சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே போக வேண்டும். தீர்ப்பின் சாரம் இதுதான்.

1991 இல் ஏஜென்ட் ஒரேஞ்ச் சட்டம் வந்தது. வியட்நாமில் சேவை செய்தவர் மருந்துக்கு ஆளானவர் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பட்டியலில் உள்ள நோய் வந்தால் தொடர்பையும் சட்டமே ஏற்றுக்கொள்ளும். இனி அவர் நிரூபிக்கத் தேவையில்லை. அறிவியல் ஆய்வுகளைப் பார்த்துப் பட்டியல் வளர்ந்தது: 1996 இல் புரொஸ்டேட் புற்றுநோய், 2001 இல் இரண்டாம் வகை நீரிழிவு, 2010 இல் இதய நோயும் பார்க்கின்சனும், 2022 இல் உயர் இரத்த அழுத்தம். கரையில் கால் வைக்காத கடற்படையினர் 2019 வரை காத்திருந்தார்கள்.

நேமர் வழக்கின் இன்னொரு விளைவு எங்களுக்கு மிக முக்கியமாகப் படுகிறது. புதிதாக ஒரு நோய் பட்டியலில் சேர்ந்தால், முன்பு மறுத்த கோப்புகளை நிர்வாகமே திரும்ப எடுத்து, முதல் விண்ணப்பத் திகதியில் இருந்து காசு கொடுக்க வேண்டும். ஆள் இறந்திருந்தால் குடும்பத்துக்கு. மறுப்பார்கள் என்று தெரிந்தும் அன்றைக்கு விண்ணப்பம் போட்டு வைத்தவரின் அந்த ஒரு தாள் வீண்போகவில்லை.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. 2004 இல் வியட்நாமியர்கள் அதே கொம்பனிகள் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 1984 சமரசத்தை நடத்திய அதே நீதிபதி ஜக் வைன்ஸ்டைன், 2005 இல் அதைத் தள்ளுபடி செய்தார். அந்தக் காலச் சர்வதேசச் சட்டம் களைநாசினியைத் தடைசெய்யவில்லை என்றார். 2008 இல் மேல்முறையீட்டிலும் தோல்வி.

ஒரே மருந்து, ஒரே காடு. மேலிருந்து தெளித்த நாட்டின் சிப்பாய்க்கு, நிரூபிக்க முடியாததைச் சட்டம் ஊகித்துக்கொண்டது. கீழே வயலில் நின்ற விவசாயிக்கு அப்படி ஊகிக்க அந்த நாட்டில் ஒரு சட்டமும் வரவில்லை. சிப்பாய்களின் வெற்றி உண்மையானது, அவர்கள் போராடித்தான் பெற்றார்கள். அந்த வெற்றி எந்த எல்லையில் நின்றது என்பதையும் சேர்த்தே இந்த வரலாற்றை வாசிக்க வேண்டும்.