இருவர் தேர்ந்த ஊர்கள்

பெருநாள் விருந்து முடிந்து வெற்றிலைத் தட்டு கைமாறிக்கொண்டிருந்த வேளையில், எங்கள் வீட்டு இளைஞன் ஒருவன் ஒரு வினாவை எழுப்பினான். உலகில் எந்த ஊரில் வாழ உங்களுக்கு ஆசை என்பதே அவ்வினா. மதீனா என்றார் முதியவர் ஒருவர். அதன்பின் வேறு ஊரைச் சொல்ல எவருக்கும் நா எழவில்லை. மதீனாவை விடுத்துச் சொல்லுங்கள் என்று பையன் வற்புறுத்திய பிறகே சிங்கப்பூரும் துபாயும் லண்டனும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. முப்பது ஆண்டுகளைச் சபரிலே கழித்துத் திரும்பிய என் பெரியவாப்பா மட்டும் விடை சொல்லவில்லை. அஸருக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார்.

அன்றிரவு என் நினைவுக்கு வந்தவர்கள் இருவர். இருவரும் ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டினர். இருவரும் வட ஆப்பிரிக்கக் கரையாகிய மக்ரிபில் பிறந்தவர்கள். இருவரும் காஜிகளாக அமர்ந்து தீர்ப்பு வழங்கியவர்கள். ஒருவர் உலகெங்கும் சுற்றிவிட்டுப் பிறந்த நாட்டுக்கே மீண்டார். மற்றவர் பிறந்த நாட்டைவிட்டு நீங்கி அயலூரிலேயே மண்ணானார். முன்னவர் இப்னு பதூதா. பின்னவர் இப்னு கல்தூன்.

இப்னு பதூதா 1304-ஆம் ஆண்டில் தன்ஜா நகரில் பிறந்தார். 1325 ஜூன் மாதத்தில், இருபத்தொரு வயதில், பெற்றோரைப் பிரிந்து ஹஜ்ஜுக்கெனத் தனியே புறப்பட்டார். ஹஜ் முடிந்ததும் திரும்பியிருக்கலாம், திரும்பவில்லை. பாரசீகம், ஆப்பிரிக்கக் கீழைக்கரை, அனத்தோலியா, மத்திய ஆசியா என்று அலைந்து தில்லியை அடைந்தார். முகம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் காஜியாகப் பல்லாண்டு பணியாற்றினார். பின்னர் அந்தச் சுல்தானின் தூதராகச் சீனம் செல்லப் புறப்பட்டவரைக் கோழிக்கோட்டுக் கடலில் எழுந்த புயல் வேறு திசைக்குத் திருப்பிவிட்டது. கப்பலும் பரிசுப்பொருள்களும் போயின. வெறுங்கையுடன் தில்லிக்குத் திரும்ப அஞ்சியவர் மாலத்தீவுக்குச் சென்றார்.

அங்கும் காஜிப் பதவியே அவரைத் தேடி வந்தது. திருமணங்களும் பல நடந்தன. அத்தீவுப் பெண்கள் தங்கள் நாட்டைவிட்டு வெளியேறுவதில்லை என்று அவரே குறித்து வைத்திருக்கிறார். இதனை ஒரு வேடிக்கைச் செய்தியாகவே நம்மவர் படித்துச் செல்கின்றனர். அதனால் விளைந்தது என்ன என்பதைப் பின்னர்க் காண்போம்.

மாலத்தீவிலிருந்து இலங்கைக்குச் சென்று பாவா ஆதம் மலையேறியவர், மீண்டும் கடலேறியபோது நம் கரையோரத்தில் கப்பல் உடைந்தது. துணைவர்கள் தெப்பத்தில் கரையேற, இவர் இரவு முழுவதும் சிதைந்த மரக்கலத்திலேயே ஒண்டிக்கிடந்தார். விடிந்தபின் நம் நாட்டு மக்கள்தாம் அவரை மீட்டனர். அக்காலை மாபார் என வழங்கிய இந்நாட்டை மதுரையிலிருந்து ஆண்டவர் கியாசுத்தீன் தாமகானி. சுல்தானின் மனைவியும் இப்னு பதூதா தில்லியில் மணந்த மனைவியருள் ஒருவரும் உடன்பிறந்தார். ஆக, கப்பலுடைந்து வந்தவர் மாப்பிள்ளை முறையினராகி விருந்தினரானார். எனினும் சுல்தானின் கொடுமைகளை அவர் மறைக்கவில்லை. உறவு வேறு, சான்று வேறு என்று எழுதிய அந்தத் துணிவு பாராட்டத்தக்கது. மதுரையில் அப்போது பரவியிருந்த கொள்ளைநோய் சுல்தானின் தாயையும் மனைவியையும் மகனையும் கொண்டுபோயிற்று, சுல்தானும் மாண்டார். இப்னு பதூதாவும் காய்ச்சலில் விழுந்து பிழைத்தார். மதுரை அகன்ற தெருக்களையுடைய பெருநகர் என எழுதியவருக்கு அங்கு வாழும் ஆசை தோன்றாததில் வியப்பில்லை.

கரையை விட்டகன்றவரைக் கடற்கொள்ளையர் மறித்து, உடுத்திய கால்சட்டை ஒன்று நீங்கலாக யாவற்றையும் பறித்தனர். அதன்பின் அவர் சென்ற இடம் மீண்டும் மாலத்தீவு. காரணம், அங்கே மணவிலக்குப் பெற்ற மனைவிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையை எடுத்துச் சென்றுவிடுவாரோ என்று தாய் வஜீரிடம் முறையிட்டாள். வஜீரோ தடுக்கவில்லை. பிள்ளைக்கு அப்போது ஏறக்குறைய இரண்டு வயது. இப்னு பதூதா அவனைக் கண்டார். தாயிடமே இருப்பதுதான் அவனுக்கு நலம் என்று முடிவு செய்தார். ஐந்து நாள் தங்கிவிட்டுக் கப்பலேறினார். தாய் தீவைவிட்டு வரமாட்டாள். தந்தை தீவில் தங்கமாட்டார். பிள்ளையின் பெயரைக்கூட நூலில் நாம் காணவில்லை. சீனத்து நகரங்களைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களைவிட, இந்த ஐந்து நாளைப் பற்றிய சில வரிகளே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன.

1348-இல் திமிஷ்கு நகருக்குத் திரும்பினார். இருபதாண்டுக்கு மேலாகியிருந்தது. முன்பு அங்கே கருவுற்ற மனைவியை விட்டுச் சென்றவர்; மகன் பிறந்த செய்தி இந்தியாவிலிருந்தபோது எட்டியிருந்தது. ஊர் சேர்ந்ததும் பள்ளிவாசலில் முதலில் கேட்டது அம்மகனைப் பற்றித்தான். மகன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்றனர். தன்ஜாவைச் சேர்ந்த அறிஞர் ஒருவர் அவ்வூரில் இருப்பதறிந்து அவரிடம் ஓடினார். தந்தை வஃபாத்தாகிப் பதினைந்து ஆண்டுகள். தாய் உயிருடன் இருக்கிறார். இதுவே கிடைத்த செய்தி.

அவ்வாண்டில்தான் பெருங்கொள்ளைநோய் சிரியாவையும் எகிப்தையும் சூறையாடிக்கொண்டிருந்தது. சாவுகளின் நடுவே நடந்து, மற்றுமொரு ஹஜ்ஜையும் முடித்துக்கொண்டு, 1349-இல் மக்ரிப் எல்லைக்குள் நுழைந்தார். தலைநகராகிய ஃபாஸை எட்டுமுன், தாஸா என்னும் ஊரில், தாயும் கொள்ளைநோயில் மறைந்துவிட்டார் என அறிந்தார். இருபத்துநான்கு ஆண்டுப் பயணத்தின் முடிவில் அவர் தன்ஜாவில் கண்டது தாயின் கபுறு.

இத்தகைய மனிதர், தாம் கண்ட நாடுகள் அனைத்திலும் மக்ரிபே சிறந்தது என்று எழுதுகிறார். அதற்கு அவர் காட்டும் காரணத்தைப் பாருங்கள். ஆட்டிறைச்சி மலிவு! நாணய மதிப்பைக் கணக்கிட்டு, எகிப்தில் ஒரு திர்ஹத்துக்கு எவ்வளவு இறைச்சி, இங்கே எவ்வளவு என்று கடைக்காரர் போல ஒப்பிடுகிறார். சிரியாவில் பழங்கள் மிகுதிதான், ஆனால் இங்கே விலை குறைவு என்கிறார். தாயையும் தந்தையையும் உயிருடன் காணக் கொடுத்துவைக்காத ஊரை ஒருவர் எதைச் சொல்லிப் போற்றுவார்? விலைவாசியைத்தான் சொல்ல முடிந்தது போலும். சுல்தான் அபூ இனானின் மனத்தைக் குளிர்விக்க எழுதியது எனச் சிலர் கொள்வர். அதுவும் இருக்கலாம். ஆயினும் புகழ்ச்சிக்கு எழுதுபவர் இறைச்சியை நிறுத்துக் காட்டிக்கொண்டிரார் என்பது என் எண்ணம்.

பயணநூல் 1355-இல் ஃபாஸில் நிறைவுற்றது. அவர் சொல்ல, இப்னு ஜுஸய் எழுதினார். அதே ஆண்டுகளில் அதே அரசவையில் ஊழியத்துக்குச் சேர்ந்த இளைஞர்தாம் இப்னு கல்தூன். கிழவர் சொன்ன இந்தியக் கதைகளை அவையோர் பொய்யென்று முணுமுணுத்தனர். இப்னு கல்தூனும் ஐயுற்றார். வஜீர் ஃபாரிஸ் அவரைத் தடுத்து ஒரு கதை சொன்னாராம்: சிறையிலே வளர்ந்த பையன் எலியைத் தவிர வேறு விலங்கைக் கண்டறியான், ஆட்டிறைச்சி என்றபோது, ஆடும் எலி போன்றதுதானோ என்று தந்தையைக் கேட்டான். காணாததை இல்லையென்று தள்ளாதே என்பது வஜீரின் கருத்து. இந்நிகழ்ச்சியை இப்னு கல்தூனே முகத்திமாவில் பதிந்து வைத்தார்.

1332-இல் தூனிஸில் பிறந்த இவருக்கும் கொள்ளைநோய் தாய் தந்தையரை இல்லாமலாக்கிற்று. பதினாறு பதினேழு வயதுதான். அபூ இனானின் கோபத்துக்கு ஆளாகி இருபத்தொரு மாதம் சிறையிலிருந்தார். பிறகு கிரானடா. அங்கிருந்து 1364-இல் காஸ்டீல் மன்னன் பெத்ரோவிடம் தூது சென்றார். மன்னன் வீற்றிருந்த நகர் இஷ்பீலியா. அதுவே இப்னு கல்தூனின் முன்னோர் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்த ஊர். 1248-இல் கிறிஸ்தவர் கைக்கு மாறுமுன்னரே அவர்கள் வெளியேறியிருந்தனர். இங்கேயே தங்கிவிடும், உம் முன்னோரின் சொத்துகளைத் திருப்பித் தருகிறேன் என்றான் மன்னன்.

இழந்த பூர்வீகம் கைநீட்டி அழைக்கும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்? அவரோ பணிவுடன் மறுத்து வந்துவிட்டார். மறுத்ததன் காரணத்தை விரித்து எழுதினாரில்லை.

மக்ரிபு அரசுகளின் சூழ்ச்சிகளில் சிக்கியும் மீண்டும் ஆண்டுகள் கழிந்தன. இடையே பாலைவன ஓரத்து இப்னு ஸலாமாக் கோட்டையில் ஒதுங்கியிருந்து, 1377-இல் ஐந்தே மாதங்களில் முகத்திமாவை எழுதி முடித்தார். நகரங்கள் எவ்வாறு செழிக்கின்றன, செழிப்பே எவ்வாறு அவற்றை அரிக்கிறது என்று ஆராய்ந்த நூல் அது. அதை எழுதியவர் தம் முதுமைக்கெனத் தேர்ந்ததோ அக்காலத்து நகரங்களிலெல்லாம் செழிப்பில் முன்னின்ற காஹிரா! 1382-இல் ஹஜ்ஜுக்கென விடைபெற்றுத் தூனிஸில் கப்பலேறினார். 1383 தொடக்கத்தில் காஹிராவில் இருந்தார். மதரஸாக்களையும் கடைத்தெருக்களையும் மக்கட்பெருக்கையும் நீலநதியையும் கண்டு அவர் எழுதிய புகழ்மொழிகளில், அறிவால் மட்டுமே பேசிப் பழகிய ஒருவரின் உள்ளம் திறந்துகொண்ட ஒலி கேட்கிறது. அல்-அஸ்ஹரில் பாடம் நடத்தினார். 1384-இல் மாலிக்கி மத்ஹபின் தலைமைக் காஜியானார்.

குடும்பம் தூனிஸிலேயே இருந்தது. அவரைத் திரும்பி வரச்செய்யும் பிணையாக அந்நாட்டுச் சுல்தான் அவர்களை நிறுத்தி வைத்திருந்தார். எகிப்திய சுல்தான் பர்கூக் பரிந்து கடிதம் எழுதிய பிறகே வழி திறந்தது. மனைவி மக்களும் நூல்களும் பொருளும் ஏறிய கப்பல் அலெக்சாந்திரியாவை நெருங்கிய நிலையில் புயலில் மூழ்கியது.

தாம் தேர்ந்த ஊருக்கு உற்றாரை அழைத்துக்கொள்ள விரும்பியதன்றி அவர் செய்த பிழை என்ன? எத்தனையோ நம் வீட்டு ஆண்கள் விசாவுக்குக் காத்துக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளை எண்ணிப் பார்ப்போர்க்கு இந்த ஏக்கம் அயலானதன்று. காஜிப் பதவியிலிருந்து விரைவில் நீங்கினார். 1387-இல் ஹஜ் செய்தார். அதன் பின்னும் தூனிஸுக்குத் திரும்பவில்லை. பதவி வந்தது, போயிற்று, மீண்டும் வந்தது. மொத்தம் ஆறு முறை காஜியானார். 1401-இல் தைமூரின் முற்றுகையிலிருந்த திமிஷ்கின் மதிலிலிருந்து கயிற்றால் இறக்கப்பட்டுச் சென்று அந்த வெற்றிவேந்தனிடம் உரையாடியபோதும், பேச்சு முடிந்ததும் அவர் நாடியது காஹிராவையே.

ஆனால் ஒன்று. காஹிராவின் காஜிகள் அணியும் ஆடையை அவர் ஏற்கவில்லை. மக்ரிபு நாட்டு மேலங்கியிலேயே நீதிமன்றம் வந்தார். அவ்வூரார் இதனைக் குறைகூறியதும் உண்டு. இருபத்துமூன்று ஆண்டுகள் அவ்வூரில் வாழ்ந்து, 1406 மார்ச் 17-இல் வஃபாத்தானார். பாபுந் நஸ்ர் வாயிலுக்கு வெளியே சூஃபிகளின் மையவாடியில் அடக்கம் செய்தனர். கபுறு எதுவென்று காட்ட இன்று அடையாளம் எதுவும் எஞ்சவில்லை.