தோட்டப் பாட்டாளியின் குரலும் மெய்நிகர் வகுப்பறையும்

பல்கலைக்கழகக் கல்வியில் மெய்நிகர் உலகையும் செயற்கை நுண்ணறிவு மாந்தரையும் பயன்படுத்தும் முயற்சி இன்று பரவி வருகின்றது. மாணவர் கடந்த காலத்து மனிதருடன் நேரில் உரையாடுவது போன்ற அனுபவத்தை இதனால் பெறுகின்றார். தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டத் தமிழரின் வரலாற்றை இவ்வாறு கற்பிக்க முற்பட்டால் எழக்கூடிய சிக்கலை இக்கட்டுரை ஆராய்கின்றது.

இத்துறையின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று, அமெரிக்கத் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஷோவா அறக்கட்டளை மேற்கொண்டதாகும். நாஜிகளின் யூதப் படுகொலையிலிருந்து உயிர் தப்பிய பின்காஸ் கட்டரிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வினாக்களைக் கேட்டு விடைகளைப் பதிவு செய்தனர். மாணவரின் வினாவுக்குப் பொருந்தும் விடையை இயந்திரம் தேர்ந்தெடுக்கும். புதிதாக எதனையும் புனையாது.

நம் தோட்டங்களின் நிலை வேறு. பத்தாங் பெர்ஜுந்தைக்கு (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஹென்றி ஃபோகொன்னியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கினார் என்பது நன்கு பதிவாகியுள்ளது. அவர் 1930இல் வெளியிட்ட நாவல் பிரெஞ்சு நாட்டின் கோன்கூர் பரிசைப் பெற்றது. ஆனால் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, உளியும் காண்டாவும் சுமந்து, லயத்தில் பிள்ளை வளர்த்த தமிழ்ப் பெண்கள் தம் வாழ்வை எழுதி வைத்தது அரிது. துரைமாரின் நினைவுக் குறிப்புகளும் அரசு அறிக்கைகளுமே மிகுதி. அவற்றை மட்டும் கொண்டு உருவாகும் மாந்தர், தமிழ்ப் பெண்ணின் முகத்தோடு துரையின் கருத்தைப் பேசக்கூடும். 1942-43இல் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழர்களின் நிலையும் இத்தகையதே. அங்கிருந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளின் நூல்கள் பல, தமிழரின் எழுத்துகளோ சில.

எனினும் பாட்டாளியின் குரல் முற்றிலும் அழிந்துவிடவில்லை. 1941இல் கிள்ளானில் தொடங்கிச் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகள் இதற்குச் சான்றாகும். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு ஆகியவற்றோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் அவர்கள் கோரினர். ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். ஐவர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். மிதிவண்டிக் கோரிக்கை ஒன்றே, கூலியினும் மேலாக அவர்கள் மதித்த மானத்தை உணர்த்தப் போதுமானது.

ஆகவே மெய்நிகர் மாந்தரைப் படைப்போர் மூன்றைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். முதலாவதாக, தோட்ட வாழ்வை அறிந்த முதியோரின் வாய்மொழியை அவர்தம் பேச்சுத் தமிழிலேயே பதிவு செய்தல். இரண்டாவதாக, ஒவ்வொரு விடைக்கும் உரிய சான்றை மாணவருக்குக் காட்டுதல். மூன்றாவதாக, சான்று இல்லாதவிடத்து அம்மாந்தரை மௌனமாக இருக்கச் செய்தல். இம்மூன்றனுள் முதலாவதே அவசரமானது. கருவிகள் ஆண்டுதோறும் புதிதாக வரும். சப்பானியர் காலத்தைக் கண்ட முதியோரோ இன்று எண்பதைக் கடந்துவிட்டனர்.