ஓலைக் கூரை வீடு (மதுரைச் சமவெளி)

ஓலைக் கூரை வீடு என்பது மண்சுவரின் மேல் மரச்சட்டம் அமைத்து, பனையோலையோ தென்னங்கிடுகோ வேயப்பட்ட வீடு ஆகும். மதுரையையும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களையும் சேர்ந்த மக்கள் இதனைக் கூரை வீடு என்பர். அரசு ஆவணங்கள் குடிசை எனக் குறிக்கின்றன. அச்சொல் கட்டடத்தை மட்டுமன்றி வறுமையையும் சேர்த்தே உணர்த்துகிறது.

அமைப்பு

குழைத்த மண்ணைப் படைபடையாக வைத்து, ஒரு படை காய்ந்த பின்னரே அடுத்ததை ஏற்றுவர். முகட்டு வளையிலிருந்து சுவர்வரை பனங்கைகள் சாய்வாக இறங்கும். முதிர்ந்த பனையின் வெளிப்புறமே வைரம் பாய்ந்தது என்பதால், மரத்தை நெடுக்காகப் பிளந்து, மென்மையான உட்சோற்றை நீக்கிக் கைகளாக்குவர். அவற்றின் குறுக்கே வரிச்சுகளை நாரால் கட்டுவர், ஆணி தேவையில்லை. ஓலை இறவாரத்தில் தொடங்கி முகடு நோக்கி, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வேயப்படும். மழை மண்சுவரைக் கரைத்துவிடும் என்பதால் இறவாரம் தாழ்ந்து நீண்டிருக்கும். எனவே குனிந்தே நுழைய வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, மழைக்காலத்திற்கு முன் கூரை மாற்றப்படும்.

வானம் பார்த்த பகுதிகளில் பனையோலையும், சோழவந்தான் போன்ற வைகைப் பாசனப் பகுதிகளில் கிடுகும் மிகுதி.

வரலாறு

ஈந்தின் இலை வேய்ந்த குடில்களைப் பெரும்பாணாற்றுப்படை குறிப்பிடுகிறது. மரமும் ஓலையும் மட்கிவிடுவதால் இவ்வகை வீடுகளுக்குத் தொல்லியல் சான்று அரிது. மதுரைக்கு அருகிலுள்ள கீழடியில் கூரை ஓடுகள் கிடைத்துள்ளமையால், ஓட்டுக் கூரையும் இப்பகுதிக்குப் புதிதன்று எனலாம்.

மறைவு

ஓலையின் பெருங்குறை தீ. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்தனர். அதன்பின் தமிழகப் பள்ளிகளில் ஓலைக் கூரைகள் அகற்றப்பட்டன. குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக மாற்ற 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030க்குள் 8 இலட்சம் வீடுகள் கட்டுவதை இலக்காகக் கொண்டது.

இங்கிலாந்தில் இதற்கு இணையான மரச்சட்ட வைக்கோல் கூரை வீடுகள் பல, மரபுச் சின்னங்களாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றுள்ளன. சேக்சுபியரின் மனைவி ஆன் ஆத்தவே பிறந்த வீடு 1892இலேயே ஓர் அறக்கட்டளையால் வாங்கப்பட்டது. தமிழகத்திலோ கூரை வீடு ஒழிக்கப்பட வேண்டியவற்றின் கணக்கிலேயே இடம்பெறுகிறது. அதில் வாழ்ந்தோர் பலருக்கும் அதுவே விருப்பம் என்பதையும் மறுக்க இயலாது. ஆயினும் கோடை வெப்பம் தாளாமல், காங்கிரீட் வீட்டின் மொட்டைமாடியில் கிடுகுக் கொட்டகை போடும் வழக்கம் மதுரையில் உண்டு.