இரசத் துறவும் கன்றின் பங்கும்

கீழப்பழுவூர், திருமழபாடி முதலிய அரியலூர் மாவட்டத்து ஊர்கள் சோழர் காலக் கோயில்களால் பெயர் பெற்றவை. நந்தா விளக்கு ஒன்று இரவும் பகலும் எரிவதற்கு 96 ஆடுகளைக் கொடையாக விடுவது அக்காலத்தில் பரவலாக நிலவிய வழக்கமாகும். மந்தை குறையாமல் பேணப்பட்டது. நெய் நாள்தோறும் கோயிலுக்கு அளக்கப்பட்டது. நெய் செல்வமாகவும் அறமாகவும் மதிக்கப்பட்ட அந்நாட்டில், நெய்யைத் துறப்பதையே தவமாகக் கொண்ட சமணமும் வாழ்ந்தது. ஜெயங்கொண்டத்தில் எஞ்சியுள்ள தீர்த்தங்கரர் திருவுருவங்கள் அதற்குச் சான்று.

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் புறத்தவத்தை ஆறாக வகுக்கிறது. அவற்றுள் நான்காவது இரச பரித்தியாகம். பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு ஆகிய ஆறும் திகம்பர மரபில் இரசங்கள் எனப்படும். நோன்பிருப்போர் இவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ விலக்குவர். பால் தீயது என்பதன்று இதன் கருத்து. நாவை அடக்குதலே நோக்கம்.

சுவேதாம்பர மரபின் ஆயம்பில் நோன்பும் இவ்வழியினதே. சித்திரை, ஐப்பசி ஓளிக் காலங்களில் ஒன்பது நாள், நாளொன்றுக்கு ஒருவேளை மட்டும், பாலும் தயிரும் நெய்யும் எண்ணெயும் வெல்லமும் சேராத உணவு உண்ணப்படுகிறது. வேகவைத்த தானியமும் பருப்புமே அதன் அடிப்படை. பெரம்பலூர், அரியலூர் வானம் பார்த்த நிலத்துக்கு இது அயலானதன்று. வரகும் சோளமும் துவரையும் இம்மண்ணுக்குப் பழகிய பயிர்கள். வரகுச் சோற்றுக்கும் சோளக் களிக்கும் மோர் துணையாகலாம். அது இன்றியும் அவை பசி தீர்க்கும்.

நோன்பு நாவைப் பற்றியது. கன்றைப் பற்றிய கேள்வியோ அகிம்சை அணுவிரதத்தைச் சார்ந்தது. அவ்விரதத்துக்குக் குற்றமாகும் செயல்கள் ஐந்து என அதே நூலின் ஏழாம் அத்தியாயம் கூறும்: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். கறவை வைத்திருக்கும் இல்லறத்தாரை ஐந்தாவது குற்றம் நேராகத் தொடுகிறது. கன்றை ஊட்டவிட்டுக் கறந்து, அதன் பங்கை மடியில் விட்டுவைத்த வீட்டில் அக்குற்றத்துக்கு இடமில்லை. அங்குப் பசு இன்னதென்றும், கன்று வயிறார உண்டதா என்றும் உண்பவர் அறிந்திருந்தனர்.

1970இல் தொடங்கிய வெண்மைப் பெருக்குத் திட்டத்தால் பால் ஊர்தோறும் திரட்டப்பட்டு நகரங்களுக்குச் சென்றது. உழவர்க்கு வருவாய் வந்தது. உண்பவர்க்கோ பசுவும் கன்றும் கண்மறைந்தன. உழவு இயந்திரம் வந்தபின் ஆண்கன்றின் தேவையும் சுருங்கியது. ஆகவே பாலை முற்றிலும் துறக்கும் சமணர் இன்று உலகெங்கும் உள்ளனர். நாவடக்கத்துக்கெனச் சில நாள் கொண்ட துறவை, கன்றின் பொருட்டு ஆண்டு முழுதும் கொள்கின்றனர்.

அவர்களின் அடுக்களைக்கு வேண்டியவையும் இம்மண்ணில் உண்டு. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பகுதிகளில் விளையும் முந்திரியை ஊறவைத்து அரைத்தால் பாயசத்துக்குப் பாலாகும். நிலக்கடலைப் பாலும் தேங்காய்ப் பாலும் குழம்புக்கு உதவும்.

பாலைக் கொள்வதும் விடுவதும் அவரவர் விரதத்தின் அளவு. கொள்பவர்க்கும் கன்றின் பங்கு என்னாயிற்று என்று கேட்கும் கடமை உண்டு. அதைக் கேளாத அகிம்சை முழுமை பெறாது.