முயல் சொல்லித் தந்த சிங்களம்

1982 பெப்ரவரி 15 அன்று, ஜப்பானின் உதவியோடு ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. அங்கே டைட்டஸ் தொட்டவத்தவின் முயற்சியால் வெளிநாட்டுக் கார்ட்டூன்கள் சிங்களம் பேசின. பக்ஸ் பன்னி 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆனது. டாக்டர் டூலிட்டில் 'தொஸ்தர ஹொந்த ஹித்த' ஆனார்.

வீட்டில் தமிழ், மத்ரஸாவில் அரபு என்று வளர்ந்த நம்மில் பலருக்கு முதல் சிங்கள ஆசிரியர் அந்த முயல்தான். விளங்காமலே சிரித்தோம், சிரித்துச் சிரித்தே விளங்கிக்கொண்டோம். பிறகு கடையிலும் பஸ்ஸிலும் அந்தச் சொற்கள்தான் கைகொடுத்தன.

இன்று நம் பிள்ளைகளுக்குச் சிங்களம் புள்ளிக்காகப் படிக்கும் ஒரு பாடம். கையிலுள்ள போனில் ஓடுவது ஆங்கிலக் கார்ட்டூன். பக்கத்து ஊர்ப் பிள்ளை எதற்குச் சிரிக்கிறது என்று தெரியாமலே வளர்கிறார்கள்.

இந்த லீவில் அந்த ஹாவாவைத் தேடியெடுத்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்போமே.