மேய்ச்சற்தரை வெறுங்காணி இல்லை

மயிலத்தமடு, மாதவனை என்ற பெயர்களை நாங்கள் எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். 2023 செப்ரெம்பரில் கால்நடை வளர்ப்பாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் போராட்டம் தொடங்கின நாளிலிருந்து அந்தப் பெயர்கள் செய்தியில் வந்துகொண்டே இருந்தன. மேய்ச்சற்தரைக்குள் அத்துமீறிய பயிர்ச்செய்கை, கொல்லப்பட்ட மாடுகள் பற்றிய முறைப்பாடுகள், குடியேற்றம், நீதிமன்றம் என்று நிறையப் பேசினோம். பேசத்தான் வேணும். ஆனால் அடிப்படையான ஒரு கேள்வியை எங்கட வயதுக்காரர் அதிகம் கேட்கவில்லை: மாடுகள் ஏன் அவ்வளவு தூரம் போக வேணும்? ஊருக்குள்ளேயே கட்டி வளர்த்தால் என்ன?

இந்தக் கேள்விக்குப் பதில் வரலாற்றில்தான் இருக்கிறது. அதை அறியாமல் மேய்ச்சற்தரையைப் பற்றிப் பேசினால், அது வெறுமனே ஒரு காணித் துண்டுக்கான சண்டையாக மட்டும் தெரியும்.

ஒரு வருடச் சுற்று

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருப்பது படுவான்கரை. மாவட்டத்தின் வயல்களில் பெரும்பகுதி அந்தப் பக்கம்தான். வடகீழ்ப் பருவமழையை நம்பி விதைத்து, தை, மாசி அளவில் வெட்டுகிற பெரும்போகம்தான் அங்கே முதன்மையான வேளாண்மை. விதைப்புத் தொடங்கினதும் வட்டைக்குள் மாடு நிற்க முடியாது. ஒவ்வொரு வயலையும் தனித்தனியாக வேலி போட்டு அடைக்கவும் முடியாது. ஒரு வட்டை என்றால் பலருடைய வயல்கள் சேர்ந்த ஒரே வெளி. அதனால் பயிரை அடைப்பதற்குப் பதிலாக மாட்டை இடம் மாற்றினார்கள்.

மழை பிடிக்க முதல் பட்டிகள் மேற்கே, மாவட்ட எல்லைப் பக்கம் இருக்கிற மேட்டுநிலப் புல்வெளிகளுக்குச் சாய்த்துக்கொண்டு போகப்படும். மார்கழியில் தாழ்நிலம் வெள்ளத்தில் கிடக்கும்போது மாடுகள் காய்ந்த தரையில் நிற்கும். வேளாண்மை வெட்டி முடிய திரும்பி வரும். வயலில் மிஞ்சின தாளையும் வைக்கோலையும் தின்னும். சாணம் வயலுக்குப் பசளையாகும். ட்ரக்டர் வர முதல் எருமைகள்தான் சேறு மிதித்தன, சூடும் மிதித்தன. அதாவது வயலுக்கு மாடு வேணும், மாட்டுக்கு வயல் வேணும். ஆனால் நாலைந்து மாதம் இரண்டும் பிரிந்திருக்க வேணும். அந்தப் பிரிவுக்கான இடம்தான் மேய்ச்சற்தரை. அது வயலின் மறுபாதி.

இந்தச் சுற்று தானாக நடக்கவில்லை. விதைப்புக்கு முந்தின ஆரம்பக் கூட்டத்தில், எப்போது தண்ணீர் திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைப்பது என்பதோடு எந்தத் திகதிக்குள் மாடுகளை வெளியேற்றுவது என்றும் தீர்மானிப்பார்கள். வட்டவிதானை அதைக் கவனிப்பார். மாடுகளில் சுடுகிற குறி, எந்த மாடு எந்தக் குடியுடையது, யாருடையது என்று சொல்லும். பல பேருடைய மாடுகள் ஒரே வெளியில் மேய அந்தக் குறிதான் பதிவேடு. எந்த மடு எப்போது வற்றும், எந்த மேடு வெள்ளத்திலும் மிதக்காது, யானை வருகிற பக்கம் எது, கன்று போட்ட மாட்டை எங்கே மறிப்பது என்பதெல்லாம் பட்டிக்காரரின் தலைக்குள் இருந்த வரைபடம். மயிலத்தமடு என்ற பெயரிலேயே ஒரு மடு இருக்கிறது. தண்ணீர் நிற்கும் இடத்துக்கு யாரோ பெயர் வைத்து, பிறகு வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

சட்டத்தின் கண்ணில் 'தரிசு'

பிரித்தானியர் 1840இல் 12ஆம் இலக்க முடிக்காணி அத்துமீறல் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். காடு, தரிசு, ஆளில்லாத, பயிர்செய்யப்படாத காணி எல்லாம், வேறு விதமாக நிரூபிக்கும்வரை முடிக்குரியது என்று அது எடுத்துக்கொண்டது. கோப்பித் தோட்டங்களுக்குக் காணி தேவைப்பட்ட காலம் அது. 1897இல் வந்த தரிசுநிலக் கட்டளைச் சட்டம் இதை இன்னும் இறுக்கியது. நிரூபிக்கிற பொறுப்பு மக்களின் தலையில் விழுந்தது. ஆனால் வருடத்தில் சில மாதம் மட்டும் மாடு நிற்கிற, உறுதிப்பத்திரம் இல்லாத, பலருக்கும் பொதுவான வெளியை எப்படி நிரூபிப்பது? சித்திரை மாதம் ஒரு அதிகாரி போய்ப் பார்த்தால் அங்கே ஒரு மாடும் நிற்காது. அவர் 'தரிசு' என்று எழுதுவார். அவருடைய கண்ணில் அது பொய்யும் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேணும். 1856இல் வந்த 9ஆம் இலக்க நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், நீர்ப்பாசனம் பற்றிய ஊர்களின் பழைய வழக்கங்களை மீட்டு நடைமுறைப்படுத்தத்தான் வந்தது. தண்ணீரை எப்படிப் பகிர்வது என்ற ஊரறிவுக்குச் சட்டத்தில் ஒரு கதிரை கிடைத்தது. மேய்ச்சல் அறிவுக்கு அப்படி ஒரு கதிரை கிடைக்கவில்லை. 1876இன் கால்நடை அத்துமீறல் சட்டத்தில் மாடு வந்தது, பயிருக்குள் புகுந்து நட்டம் விளைவிக்கிற பிராணியாக. வயலில் நிற்கக்கூடாது என்று சொன்ன சட்டம், எங்கே நிற்கலாம் என்று சொல்லவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தப் பார்வை பெரிதாக மாறவில்லை. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை, 1979இல் மகாவலி அதிகாரசபைச் சட்டம், மாதுறு ஓயா அணை, 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா என்று ஒவ்வொரு திட்டமும் கிழக்கின் உட்பகுதியில் புதுக் கோடுகளைக் கீறியது. மயிலத்தமடு, மாதவனை மகாவலி 'பி' வலயத்துக்குள் வந்தன. நீர்ப்பாசனம் பெருகின இடங்களில் சிறுபோகமும் செய்யத் தொடங்கியதால், மாடுகள் வயலுக்குத் திரும்பி வருகிற காலமும் சுருங்கியது. பிறகு போர். பட்டிகளை விட்டு ஓடினவர்கள், மாடுகளை இழந்தவர்கள் ஏராளம். 2009க்குப் பிறகு திரும்பி வந்தபோது பழைய பாதையும் பழைய வெளியும் வேறு பெயர்களில் இருந்தன.

'பொதுநிலத்தின் துயரம்'

எங்கட வகுப்புகளில் மேய்ச்சல் என்றதும் வருகிற பெயர் கரட் ஹார்டின். 1968இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்த அவருடைய கட்டுரை, எல்லாருக்கும் திறந்த புல்வெளியில் ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டைச் சேர்க்கப் பார்ப்பார்கள், கடைசியில் புல்வெளி அழியும் என்றது. அப்ப தீர்வு? தனியாருக்குக் கொடு, இல்லாவிட்டால் அரசு எடுக்கட்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அவர் கற்பனை செய்த புல்வெளியில் ஆரம்பக் கூட்டமும் இல்லை, வட்டவிதானையும் இல்லை, குறியும் இல்லை. ஒழுங்கில்லாத பொதுநிலத்தைப் பற்றித்தான் தான் எழுதியது என்று பிற்காலத்தில் அவரே ஒத்துக்கொண்டார்.

இதற்கு மறுமொழியாக எலினர் ஒஸ்ட்ரம் 1990இல் எழுதிய புத்தகத்தில் சுவிற்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக்கிராமம் வருகிறது. மானிடவியலாளர் ரொபர்ட் நெற்றிங் நீண்டகாலம் ஆய்வு செய்த ஊர் அது. அங்கே 1517இலிருந்தே ஒரு விதி: பனிக்காலத்தில் தன்னுடைய வைக்கோலால் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ, கோடையில் அத்தனை மாட்டை மட்டும்தான் ஒருவர் பொது மலைப்புல்வெளிக்கு அனுப்பலாம். மீறினால் தண்டப்பணம். ஒரு பருவத்தின் கையிருப்பே அடுத்த பருவத்தின் எல்லை. ஒஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

டோர்பெல்லும் மட்டக்களப்பும் ஒன்றில்லை. அங்கே எல்லை போடுவது பனி, இங்கே மழை. அங்கே விதி எழுத்தில் நின்றது. இங்கே மேய்ச்சல் வழக்கத்தில் பெரும்பகுதி வாய்மொழியில் நின்றது. எழுதப்படாததால்தான் அதை 'இல்லை' என்று சொல்வது இலகுவாகிறது.

அதற்காகப் பழைய ஒழுங்கைக் கொண்டாடவும் தேவையில்லை. கூட்டத்தில் போடியாரின் குரலுக்கு இருந்த பலம் கூலிக்கு மாடு மேய்த்தவரின் குரலுக்கு இருக்கவில்லை. தயிர் போடுகிற பெண்களிடம் மாட்டைப் பற்றி எவ்வளவு அறிவு இருந்தாலும், திகதி தீர்மானிக்கிற இடத்தில் அவர்கள் இருக்கவில்லை. மீட்க வேண்டியது அந்த அதிகாரப் படிநிலையை இல்லை, சேர்ந்திருந்து தீர்மானிக்கிற முறையை.

எதைப் பகிர்வது?

'நவீனமாக மாறுங்கள், நல்லின மாடு வாங்கி கொட்டிலில் கட்டி கோ-3 புல் வெட்டிப் போடுங்கள்' என்ற அறிவுரை அடிக்கடி வரும். ரெண்டு மூன்று மாடு வைத்திருக்கிற வீட்டுக்கு அது உதவும். ஆனால் நூற்றுக்கணக்கில் நாட்டு மாடு வைத்திருக்கிற பட்டிக்கு வெட்டிப் போட புல் எங்கே, தண்ணீர் எங்கே, ஆள் எங்கே? நாட்டு மாடு பால் குறைவாகத் தரும். ஆனால் நடக்கும், வெயில் தாங்கும், கிடைக்கிறதைத் தின்னும். அதை வளர்க்கிறவரின் அறிவும் நடப்பதோடு சேர்ந்தது. அறிவைப் பகிர்வது என்றால் அலுவலகத்திலிருந்து பட்டிக்கு மட்டும் போகிற ஒருவழிப் பாதை இல்லை. மிருக வைத்தியருக்குத் தெரிந்த தடுப்பூசிக் காலமும், பட்டிக்காரருக்குத் தெரிந்த சாய்க்கிற காலமும் ஒரே நாட்காட்டியில் வரவேணும். வெட்டின பிறகு வயலில் எரிகிற வைக்கோலைச் சேமித்தால் கோடையில் எத்தனை மாடு பிழைக்கும் என்று வயற்காரரும் பட்டிக்காரரும் ஒன்றாக இருந்து கணக்குப் பார்க்க வேணும்.

கலைப்பீடத்து ஆட்களான எங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. சாய்க்கிற பாதைகள், மடுக்களின் பெயர்கள், குறிகள், கூட்டங்களில் போட்ட திகதிகள் எல்லாவற்றையும் வயதானவர்களிடம் கேட்டு, அவர்களுடைய சம்மதத்தோடு பதிந்து, அவர்களிடமே ஒரு பிரதி கொடுக்க வேணும். மேய்ச்சற்தரையை வர்த்தமானியில் அறிவிக்கச் சொல்லிக் கேட்கிறவர்களின் கையில் அது சான்றாக இருக்கும். 1840இன் சட்டம் கேட்ட அதே கேள்வியைத்தான் இன்றைய அலுவலகங்களும் கேட்கின்றன: இது உங்கட என்பதற்கு என்ன ஆதாரம்?

வெட்டு முடிந்த பிறகு மேய்ச்சற்தரைக்குப் போகிறவருக்கு அது வெறுங்காணியாகத்தான் தெரியும். மார்கழியிலும் ஒருக்கா போய்ப் பார்க்கச் சொல்லுவோம்.