இட்டி அச்சுதன் போட்ட கையெழுத்து

மட்டாஞ்சேரி என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது மிளகு வாசனை, யூதத் தெரு, டச்சு அரண்மனை, சீன வலை. (வலை இருப்பது ஃபோர்ட் கொச்சியில் என்று யாராவது திருத்துவார்கள். சரிதான்!) எனக்கு இப்போதெல்லாம் நினைவுக்கு வருவது பிடிஎஃப். சிரிக்காதீர்கள். ஸ்கேன் செய்த பக்கங்களைக் கணினி தேடக்கூடிய எழுத்தாகவும் அட்டவணையாகவும் மாற்றிக் கொடுப்பதுதான் சில வருடங்களாக என் பிழைப்பு. அந்தப் பிழைப்பின் ஆதிகாலக் கதை ஒன்று கொச்சியில் கிடக்கிறது. வயது 350.

1663ல் டச்சுக் கம்பெனி போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தது. 1670ல் மலபார் கமாண்டராக வந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட். மிளகு வாங்க வந்த மனிதருக்குச் செடிகொடிகள் மேல் பித்து. மலபாரின் மருந்துச் செடிகளை எல்லாம் படத்தோடு புத்தகமாக்க வேண்டும் என்று கிளம்பினார். அதுதான் 'ஹோர்டுஸ் மலபாரிகஸ்'. ஆம்ஸ்டர்டாமில் 1678ல் முதல் தொகுதி, 1693ல் கடைசித் தொகுதி, மொத்தம் 12. எழுநூறுக்கும் மேற்பட்ட செடிகள். பிற்பாடு லின்னேயஸ் இந்தியச் செடிகளுக்குப் பெயர் வைக்கக் கையில் வைத்திருந்தது இதைத்தான்.

செடியைப் பற்றித் தெரிந்தவர் யார்? சேர்த்தலைப் பக்கம் கரப்புறத்தைச் சேர்ந்த வைத்தியர் இட்டி அச்சுதன். கூடவே கொச்சியிலிருந்த மூன்று கொங்கணி பிராமண வைத்தியர்கள்: ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட். கோவாவிலிருந்து போர்ச்சுகீசியருக்குப் பயந்து வந்த கொங்கணிகளுக்கு மட்டாஞ்சேரி செர்லாய்தான் அன்றும் இன்றும் ஊர். அந்தத் திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றி நடந்தால் இன்றைக்கும் காதில் கொங்கணி விழும்.

இப்போது வேலை நடந்த விதத்தைப் பாருங்கள். இட்டி அச்சுதன் தன் குடும்ப ஏட்டையும் அனுபவத்தையும் வைத்து மலையாளத்தில் சொல்கிறார். கம்பெனியின் துபாஷி இமானுவேல் கார்னெய்ரோ அதைப் போர்ச்சுகீசிய மொழியில் எழுதுகிறார். நகரச் செயலாளர் வான் டோனெப் அதை லத்தீனாக்குகிறார். செடிகளின் லத்தீன் வருணனையை ஒழுங்குபடுத்தியவர் கசேரியுஸ் என்ற பாதிரியார். (இவர் ஒரு காலத்தில் தத்துவஞானி ஸ்பினோசாவிடம் பாடம் படித்தவர். கொச்சியில் யார் யாரெல்லாம் வந்து சேர்ந்திருக்கிறார்கள் பாருங்கள்!) ஆக ஒரு செடி ஏட்டிலிருந்து வாய்க்கு, வாயிலிருந்து போர்ச்சுகீசியத்துக்கு, அதிலிருந்து லத்தீனுக்கு, கடைசியில் அச்சுக்கு. இத்தனை கை மாறினால் எவ்வளவு சிந்தும் என்று பிடிஎஃப் மாற்றுகிற எவரும் சொல்வார்கள்.

வான் ரீட் இதற்கு ஒரு வழி செய்தார், என்னை அசர வைப்பது அதுதான். ஒவ்வொருவரிடமும் சான்றிதழ் வாங்கினார். 1675 ஏப்ரல் 19ந் தேதி கார்னெய்ரோ, 20ந் தேதி இட்டி அச்சுதனும் மூன்று கொங்கணி வைத்தியர்களும். நான் யார், எங்கிருந்து வந்தேன், எதை வைத்துச் சொன்னேன், யாரிடம் சொன்னேன் என்று அவரவர் மொழியில், அவரவர் எழுத்தில். முதல் தொகுதியிலேயே அவை இருக்கின்றன. இட்டி அச்சுதன் எழுதியது கோலெழுத்தில். நம் வட்டெழுத்தின் வழி வந்தது அது. கொங்கணி வைத்தியர்கள் எழுதியது நாகரியில்.

ஆம்ஸ்டர்டாமில் அப்போது கோலெழுத்துக்கு அச்சு ஏது? அதனால் கையெழுத்தை அப்படியே செப்புத் தகட்டில் செதுக்கிப் படமாகப் போட்டார்கள். செடிப் படங்களிலும் பெயர் லத்தீன் எழுத்தில் மட்டுமல்ல, மலையாளம், அரபி, நாகரி எழுத்துகளிலும் இப்படித்தான் செதுக்கப்பட்டது. அதாவது ஒரு பக்கத்தில் ஒரு பகுதி எழுத்து, ஒரு பகுதி படம். 17ஆம் நூற்றாண்டு பிடிஎஃப் என்று நான் சொன்னால் கோபிக்க மாட்டீர்களே :-)

இதைப் பழைய ஓசிஆரிடம் கொடுத்தால் லத்தீனை ஓரளவு படிக்கும். நாகரி, அரபி, மலையாளம் வரும் இடத்தில் குப்பை குப்பையாகக் கொட்டும், அல்லது ஒன்றும் இல்லாதது மாதிரி தாண்டிப் போகும். தமிழ் பிடிஎஃப் விஷயத்தில் நமக்கு இது பழகிய அவஸ்தை. பாமினி, டிஸ்கி, டாப் என்று ஆளுக்கொரு எழுத்துரு இருந்த காலத்து ஆவணத்தைக் காப்பி செய்து ஒட்டினால் என்ன வருமென்று தெரியுமல்லவா?

படத்தைப் பார்த்தே படிக்கும் இன்றைய ஏஐ மாடல்கள் இங்கேதான் நிஜமாகவே பெரிய மாற்றம். அவற்றுக்கு எழுத்துரு எதுவென்ற கவலையில்லை. நாம் பார்ப்பது போலப் பக்கத்தை முழுதாகப் பார்க்கின்றன. தலைப்பு, பத்தி, அட்டவணை, ஓரக் குறிப்பு என்று பிரித்துக் கொடுக்கின்றன. ஒரு நாள் வேலை சில நிமிடத்தில் முடிகிறது. கூடவே ஒரு வம்பும் வருகிறது. பழைய ஓசிஆர் தப்பு செய்தால் பார்த்தவுடன் தெரியும், குப்பை குப்பை மாதிரியே இருக்கும். இந்த மாடல்களின் தப்போ அழகான வாக்கியமாக வருகிறது. படிக்க முடியாத இடத்தில், அங்கே என்ன இருந்தால் பொருத்தமாக இருக்குமோ அதை எழுதிவிடுகின்றன. மளிகை ரசீதில் இதனால் பெரிய நஷ்டமில்லை. கொச்சியின் மற்ற காகிதங்களில் நஷ்டம் உண்டு.

எந்தக் காகிதங்கள்? 1795ல் கொச்சி பிரிட்டிஷார் கைக்குப் போனது. டச்சுக்காரர்கள் விட்டுப்போன ஆவணங்கள் பிற்பாடு சென்னைக்கு வந்து, இன்று எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கம்பெனி ஆவணங்கள் சென்னை, கொழும்பு, ஜகார்த்தா, கேப் டவுன், தி ஹேக் என்று சிதறி ஏறக்குறைய இரண்டரைக் கோடிப் பக்கம். 2003ல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. தி ஹேக்கில் உள்ளவற்றில் ஏறக்குறைய 50 லட்சம் பக்கங்களை குளோபலைஸ் என்ற டச்சுத் திட்டம் கணினியை வைத்துப் படிக்க வைத்திருக்கிறது. ஊர், ஆள், சரக்கு, சம்பவம் என்று பிரிப்பதும் அந்தத் திட்டத்தின் வேலை. ஒரு ஆய்வாளர் ஆயுள் முழுக்க உட்கார்ந்தாலும் தீராத குவியல் அது. இயந்திரம் வேண்டாம் என்று சொல்கிற கட்சி நானில்லை.

ஆனால் அந்தக் குவியலில் மிளகுக் கணக்கு மட்டுமா இருக்கிறது? கொச்சி ஒரு அடிமைச் சந்தையாகவும் இருந்தது. விற்றவர், வாங்கியவர், விற்கப்பட்டவர், விலை என்று எழுதிய பத்திரங்கள், கொச்சி நீதிமன்றத்தில் அடிமைகளே கொடுத்த வாக்குமூலங்கள் எல்லாம் உண்டு. அந்த வாக்குமூலங்களில் சிலவற்றை மத்தியாஸ் வான் ரோசம் முதலிய நால்வர் 2020ல் ஆங்கிலப் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். அடிமைகளின் சொந்தப் பெயரை உரிமையாளர்கள் பெரும்பாலும் அழித்துவிட்டார்கள். பிடித்த மாதிரி புதுப் பெயர் வைத்தார்கள், சில சமயம் மாதத்தின் பெயரையே. கூட 'வான் மலபார்', 'வான் பெங்காலன்' என்று ஊர். 'வான் டி குஸ்ட்' என்றால் கடற்கரையிலிருந்து, அதாவது நம் சோழமண்டலக் கரையிலிருந்து.

'செப்டம்பர் வான் மலபார்' என்ற வரியை அட்டவணையாக்கச் சொன்னால், செப்டம்பரைத் தேதிப் பத்தியில் தூக்கிப் போட இயந்திரத்துக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. அப்புறம் அந்தப் பட்டியலில் ஒரு மனிதர் குறைவு. அவ்வளவுதான். ஒரு தடவை பெயரை இழந்தவர், இரண்டாம் தடவை ஆளே இல்லாமல் போகிறார்.

'மலபார்' என்ற சொல்லும் லேசுப்பட்டதல்ல. ஐரோப்பியர்கள் தமிழ் மொழியையே மலபார் மொழி என்று எழுதிவந்தார்கள். இலங்கைத் தமிழர்களை 19ஆம் நூற்றாண்டிலும் மலபார்கள் என்றே குறித்தார்கள். ஆகவே ஒரு ஏட்டில் 'மலபார்' என்று வந்தால் அது கொச்சியா, யாழ்ப்பாணமா, நாகப்பட்டினமா? பக்கத்தைப் பார்த்து, எங்கே எழுதியது, எவர் எழுதியது என்று யோசித்துத்தான் சொல்ல முடியும். இயந்திரம் 'கேரளம்' என்று ஒரு கட்டத்தில் நிரப்பிவிட்டால், அடுத்து வருகிறவருக்கு அது முடிந்த விஷயம்.

ஃபோர்ட் கொச்சி வெளியில் துணி துவைக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் இருக்கின்றன. டச்சுச் சிப்பாய்களின் துணி துவைக்கத் தங்கள் முன்னோரை அழைத்து வந்தார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. நம்மைப் போலப் பிழைக்கப் போனவர்கள்தானே! அவர்கள் பிள்ளைகள் நாளைக்கு இந்த ஆவணங்களில் தேடுவார்கள். தேடுவது பக்கத்தை அல்ல, இயந்திரம் பிரித்துக் கொடுத்த அட்டவணையை.

அதனால்தான் எனக்கு வான் ரீட்டின் சான்றிதழ்கள் பெரிதாகப் படுகின்றன. அவை இருந்ததால், தப்பு எந்தக் கையில் நடந்திருக்கும் என்று பின்னால் வருகிறவர் தேட முடிந்தது. கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்த கே.எஸ். மணிலால் தேடினார். 30 வருடங்களுக்கு மேல். லத்தீனை மொழிபெயர்த்ததோடு நிற்காமல், செடிகளைக் காட்டிலும் மேட்டிலும் மீண்டும் தேடிப்பிடித்துப் படத்தோடு ஒப்பிட்டார். கேரளப் பல்கலைக்கழகம் 2003ல் ஆங்கிலத்திலும் 2008ல் மலையாளத்திலும் வெளியிட்டது. பத்மஸ்ரீ வந்தது 2020ல். 2025 ஜனவரி முதல் தேதி காலமானார்.

வீட்டில் தாத்தா காலத்துப் பத்திரத்தை ஸ்கேன் செய்து வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஏஐயிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், தாராளமாக. படிக்க முடியாத சொல்லை ஊகிக்காமல் கோடு போடச் சொல்லுங்கள். ஒரே பக்கத்தை இரண்டு தடவை கொடுத்து, வித்தியாசம் வருகிற இடத்தைக் கண்ணால் பாருங்கள். பெயர், சர்வே எண், தேதி மூன்றையும் ஊரில் ஒரு பெரியவரிடம் வாசித்துக் காட்டுங்கள். மாற்றிய எழுத்தோடு பக்கத்தின் படத்தையும் சேர்த்தே வையுங்கள். அட்டவணையில் கடைசியாக ஒரு பத்தி கூட்டி, இந்த வரியைச் சரிபார்த்தது யார், எந்தத் தேதியில் என்று எழுதுங்கள்.

சென்னையில் உள்ள கொச்சி ஏடுகளின் ஸ்கேன்கள் தி ஹேக் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் 1.11.06.11 என்ற எண்ணில் கிடைக்கின்றன. எழும்பூர் போக லீவு கிடைக்காதவர்கள் அங்கே பார்க்கலாம்.